பல்புக் கடைக்காரரின் கட்டைவிரல்

புதுப் பல்பை அட்டைப்பெட்டியிலிருந்து உருவி, காதருகே வைத்து லேசாக ஆட்டிக் கேட்டு, சட்டை நுனியால் துடைத்து, மேசைமேல் இருக்கும் சோதனை ஹோல்டரில் மாட்டுகிறார் பல்புக் கடைக்காரர். மாட்டுவதற்கு முன்னால் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். மாட்டும்போது பார்க்கிறார். மாட்டி முடித்த பிறகும், இடையில் யாராவது விளையாடியிருப்பார்களோ என்கிற மாதிரி இன்னொரு தரம் பார்க்கிறார். அப்புறம் இரண்டடி பின்வாங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாங்க வந்தவரைப் பார்த்துத் தலையைச் சாய்க்கிறார்.

"போட்டுப் பாருங்க. உங்க கையாலயே போடுங்க. வீட்டுக்குப் போற வெளிச்சம், வாங்கறவங்க கைராசியில வரணும்."

வாங்க வந்தவருக்கு உச்சி குளிர்ந்துபோகிறது. சிலர் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். சிலர் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்கிறார்கள். சுவிட்சைத் தட்டியதும் பல்பு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும், புதுப் பல்பு. ஆனாலும் "எரிஞ்சிடுச்சு!" என்று தாங்களே பெற்று வளர்த்த பிள்ளை பாஸாகிவிட்ட மாதிரி அவர்கள் முகம் மலர்கிறது. அந்தக் கடைத்தெருவில் மற்றக் கடைக்காரர்கள் எல்லாம் "பொருளைத் தொடாதீங்க, எடுத்துக் காட்டறேன்" என்று சிடுசிடுக்கும்போது, இவர் ஒருவர்தான் வந்தவர் கையில் சுவிட்சையே ஒப்படைக்கிறார். பண்பான மனுஷர் என்று தெரு முழுக்கப் பெயர்.

பண்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். பல்பு விற்கிற அந்த மனிதருக்குக் கரண்ட் என்றால் குலைநடுக்கம். இது அவருடைய மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும்.

கடை மாமனாருடையது. அவர் காலத்திலிருந்தே பல்பு, வயர், சுவிட்ச், சீரியல் லைட், காலிங் பெல் என்று கூரை முட்ட அடுக்கியிருக்கிறது. பக்கெட்டும் குடமும் விற்கிற கடையில் வேலையாக இருந்தவரை மாப்பிள்ளையாக்கிக் கல்லாவில் உட்கார வைத்தார் மாமனார். "ஒரு பொருளை விக்கத் தெரிஞ்சவன் எதையும் விப்பான்" என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரிதான். பக்கெட்டுக்குள் கைவிட்டால் ஒன்றும் ஆகாது என்கிற ஒரு வித்தியாசத்தை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

கல்லாவுக்குப் பின்னால் தரையில் ஒரு மரப்பலகை. பலகைமேல் ரப்பர் விரிப்பு. விரிப்பின்மேல் ரப்பர் செருப்பு. செருப்புக்குள் அவர். "குள்ளமா இருக்கேன்ல, மேல் தட்டு எட்டணும்" என்று கேட்டவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார். ஃபிரிட்ஜ், இரும்புக் கதவு, பஸ் கைப்பிடி என்று எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுகிறார். கரண்ட் இருந்தால் உள்ளங்கை தானாக மூடிக்கொண்டு பிடித்ததை விடாதாம். புறங்கை என்றால் கை தள்ளிப் போய்விடுமாம். அடுத்த வீட்டுக்காரர் ஆசையாகக் காட்டிய புது ஃபிரிட்ஜைப் புறங்கையால் ஒரு தட்டு தட்டியதில், பொருள் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அந்த மனிதர் வாடிப்போனார். சட்டைப் பையில் பேனாவோடு பேனாவாக, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு டெஸ்டர் குத்தியிருக்கிறது. அவசரத்தில் ஒருநாள் தபால்காரர் நீட்டிய தாளில் டெஸ்டரால் கையெழுத்துப் போட முயன்று, "மை காலி போலிருக்கு" என்று உதறி உதறிப் பார்த்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். கரண்டைக் கண்டு இவ்வளவு பயந்த மனிதர் அதைப் பற்றி எதுவும் தெரியாதவர் இல்லை. எதிர்வீட்டு நாய்க்குப் பயந்தவனுக்குத்தான் அது எப்போது தூங்கும், எப்போது சாப்பிடும், எந்தச் சந்து வழியாக வரும் என்பதெல்லாம் அத்துப்படி. இவரும் அப்படித்தான்.

"கரண்ட் எப்படீன்னா, ஆபீஸ் போறவர் மாதிரி" என்பார், வயர் வாங்க வந்தவரிடம். "சாயங்காலம் வீடு திரும்ப பஸ் இல்லைன்னு தெரிஞ்சா காலையில கிளம்பவே மாட்டார். போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி, ரெண்டும் இருந்தாத்தான் நகரும். அதுக்குத்தான் ரெண்டு கம்பி. சுவிட்சுன்னா என்ன? நடுவுல ஒரு பாலம். தூக்கினா போக்குவரத்து நின்னுடும். எறக்கினா மறுபடி ஓடும். அவ்வளவுதான் விஷயம்."

"அப்போ ஷாக் ஏன் அடிக்குது?"

"திரும்பற பாதையா நம்மளை நினைச்சுக்குது." இதைச் சொல்லும்போது அவர் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

சீரியல் லைட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே ஏன் அணைகிறது என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. "அது கூட்டுக் குடும்பம். ஒருத்தர் கோவிச்சுக்கிட்டா யாரும் சாப்பிட மாட்டாங்க. வீட்டு வயரிங் அப்படி இல்லை. ஆளுக்கொரு தனி வழி. நீ சாப்பிடாட்டிப் போ, எனக்குப் பசிக்குதுன்னு ஃபேன் பாட்டுக்குச் சுத்தும்." ஹீட்டர் கம்பி ஏன் சிவக்கிறது? "ஒடுக்கமான சந்துல கூட்டம் முண்டியடிச்சா வேர்க்குமா வேர்க்காதா?" ஃபியூஸ் கம்பி எதற்கு? "கூட்டம் அளவுக்கு மேல வந்தா முதல்ல அது உருகி விழுந்து வழியை அடைச்சுடும். வீடு தப்பிக்கும். குடும்பத்துக்கு ஒருத்தர் அப்படி இருக்கணும்."

"உங்க குடும்பத்துல யாருங்க?"

"நான்தான்."

"இவரா?" என்று உள்ளே சரக்கு எடுத்துக்கொண்டிருந்த மனைவியின் குரல் வரும். "இவர் கூட்டம் வர்றதுக்கு முன்னாலயே உருகிடுவார்."

மனைவி இந்தக் கடைக்குள்ளேயே தவழ்ந்து வளர்ந்தவர். ஓடுகிற மிக்சியைத் தட்டி நிறுத்துவார், நின்ற ஃபேனைக் குச்சியால் குத்தி ஓட்டுவார். சதுரமான சின்ன பேட்டரி கேட்டு யாராவது வந்தால், அதன் இரண்டு முனைகளையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பார். எச்சில் வழியாக ஓடுகிற அந்தத் துளிக் கரண்ட் நாக்கில் புளிப்பாக ஒரு கிள்ளு கிள்ளும். "சுர்ருங்குது, நல்ல சரக்கு. தைரியமா எடுத்துக்கிட்டுப் போங்க." இல்லையென்றால், "ம்ஹும், இது சப்புன்னு இருக்கு. வேற பார்க்கலாம்." சமையலில் உப்புப் பார்க்கிற அதே முகம். பேட்டரி மேலே உறையில் போட்டிருக்கிற தேதியை யாரும் படிப்பதில்லை. அக்கா நாக்கு சொன்னால் சரி. பல்புக் கடைக்காரர் அந்த நேரத்தில் மட்டும் மறுபக்கம் திரும்பி வயர்ச் சுருளை எண்ணிக்கொண்டிருப்பார்.

வீட்டில் எல்லாச் சுவிட்சும் மனைவி பொறுப்பு. அவர் தன் தங்கை வீட்டுக்குப் போனால், எல்லா விளக்கையும் ஃபேனையும் போட்டுவிட்டுத்தான் போவார். இரவும் பகலும் வீடு ஜெகஜ்ஜோதியாக எரியும். "என்னங்க, வீட்ல ஏதும் விசேஷமா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். "அவ இல்லைல்ல" என்பார் இவர், ஒரு தினுசாகச் சிரித்துக்கொண்டு. அதற்கு அவர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

கரண்ட் செய்கிற வேலைகளிலேயே அவர் மன்னித்துவிட்டது ஒன்றே ஒன்று: காலிங் பெல். கழற்றிய பெல் ஒன்றைக் கல்லா மேலேயே வைத்திருக்கிறார். உள்ளே செம்புக் கம்பிச் சுருள், நடுவில் ஓர் இரும்புக் குச்சி. கரண்ட் வந்தால் சுருள் காந்தமாகிக் குச்சியை இழுக்கும், குச்சி ஒரு தகட்டில் போய் மோதும், டிங். பொத்தானை விட்டால் காந்தம் போய்விடும், குச்சி பின்னால் வந்து இன்னொரு தகட்டில் மோதும், டாங். "சுடவும் இல்லை, கண்ணைக் கூசவும் இல்லை. வந்திருக்கேன்னு சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிடுது. கரண்டா இருந்தா இப்படி இருக்கணும்."

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் பாத்திரக்கடைக்காரர் வந்து நுழைந்தார்.

அவர் கடைத்தெருச் சங்கத்தின் செயலாளர். தினமும் எவர்சில்வர் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகியதால் ரகசியத்தைக்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரித்தான் சொல்வார். தெருவிளக்குகள் போய் ரொம்ப நாளாயிற்று. இருட்டினால் ஆள் வருவதில்லை என்று கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சொந்தமாக விளக்குப் போட முடிவு செய்திருந்தார்கள். விளக்குகள் பல்புக் கடைக்காரர் கொடுத்தவைதான். வயர்மேன் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்.

"தொடக்க விழாவுக்கு நீங்கதான் சுவிட்சுப் போடறீங்க பல்பு சார்! எல்லாரும் ஒரே மனசா முடிவு பண்ணிட்டோம்!"

பல்புக் கடைக்காரர் பலகையைவிட்டு ஒரு அங்குலம் எழும்பி இறங்கினார். "நான் எதுக்குங்க? நீங்க செயலாளர். உங்க கையாலயே போடுங்க. உங்க கைராசி..."

"அதெல்லாம் உங்க கடையில! இது தெரு! ஊருக்கே வெளிச்சம் விக்கற மனுஷன், எப்பவும் அடுத்தவங்களைப் போடச் சொல்லியே பழகிட்டீங்க! ஒரு நாளாவது நீங்க போடுங்க!"

மறுக்க என்ன காரணம் சொல்வது? உண்மையைச் சொன்னால், பல்பைக் கண்டு பயப்படுகிறவனிடம் யார் பல்பு வாங்குவார்கள்? இத்தனை வருஷப் பண்பும் பெயரும் ஒரே சாயங்காலத்தில் சந்தி சிரித்துப் போகும். பாத்திரக்கடைக்காரர் வாய் வேறு. அவர் தும்மினாலே தெரு திரும்பிப் பார்க்கும்.

"அன்னிக்குத் தலைவலின்னு படுத்துக்கறேனே" என்றார் மனைவியிடம்.

"தலை வலிச்சா விரலுக்கு என்ன?"

"ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லிடு."

"எந்த ஊருக்கு? அவ்வளவு தூரம் பஸ் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவீங்களா நீங்க?"

பாத்திரம் கழுவுகிற ரப்பர்க் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றார். மனைவி மேலும் கீழும் பார்த்தார். "இதோட போய் மேடையில நில்லுங்க. பாத்திரக்கடைக்காரர் அப்படியே தேய்க்கக் கூட்டிக்கிட்டுப் போயிடுவார்."

"கிண்டல் பண்ணாதே."

"என்னங்க இது, சுவிட்சுன்னா பிளாஸ்டிக். உள்ளே இருக்கற கம்பி உங்க விரலைத் தொடவே தொடாது. இதை நீங்களே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க?"

"அது அவங்க விரல்."

மறுநாள் காலை வயர்மேன் கடை வாசலில் வந்து நின்றார். கம்பி இழுத்தாயிற்று, விளக்கு மாட்டியாயிற்று, கம்பியை நேராக முறுக்கி எரியவிட்டும் பார்த்தாயிற்று. மேடையில் வைக்க ஒரு சுவிட்ச்தான் பாக்கி. "நல்லதா ஒண்ணு குடுங்க முதலாளி."

பல்புக் கடைக்காரர் அலமாரி முன்னால் நெடுநேரம் நின்றார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கரண்ட் இல்லாத சுவிட்ச் என்பதால் எடுக்க முடிந்தது. ஒன்று முரட்டு முகம். தட்டினால் 'டக்'கென்று அதட்டுகிறது. இன்னொன்று கறுப்பு, பார்த்தாலே ஆகாது. மூன்றாவதில் சிவப்பு விளக்கு வேறு, கண் சிவந்த மாதிரி. கடைசியில் கீழ்த்தட்டின் மூலையில் அவருடைய மனசுக்கு இதமாக ஒன்று கிடைத்தது. வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, தொட்டால் வெண்ணெயில் அழுந்துகிற மாதிரி அழுந்துகிற பொத்தான். அதன்மேல் சின்னதாக ஒரு மணி படம்.

"இதைப் போடு."

வயர்மேன் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "முதலாளி, இது..."

"அத்தனை விளக்கோட பாரமும் தாங்குமா தாங்காதா?"

"எல்லாம் சின்ன விளக்குதானே, தாங்கும். அது இல்லை, இது வந்து..."

"தாங்கும்ல? அப்போ இதுதான். மெதுவா இருக்கு. போ."

வயர்மேன் தலையைச் சொறிந்தார். கடைக்காரருக்கே தெரியாததா, விழாவுக்கு என்று ஏதோ யோசனை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எடுத்துப் போனார்.

சாயங்காலம் தெருவே திரண்டிருந்தது. மரமேடை. நடுவில் ஒரு சின்ன மேசை. மேசைமேல் வண்ணத்தாள் சுற்றிய பெட்டி, பெட்டி முகப்பில் வெள்ளைப் பொத்தான். மேடை மரத்தால் ஆனது என்பதைக் கவனித்துக்கொண்டே பல்புக் கடைக்காரர் ஏறினார். புதுச் சட்டை. காலில் அதே ரப்பர் செருப்பு. மனைவி மேடை ஓரமாகவே வந்து நின்றுகொண்டார்.

"நமது பல்பு சார் அவர்கள் இப்போது..." என்று பாத்திரக்கடைக்காரர் முழங்கினார். மைக் தேவையே இல்லை, ஆனாலும் பிடித்திருந்தார்.

பல்புக் கடைக்காரர் முதலில் புறங்கையால் பெட்டியை ஒரு தட்டு தட்டினார். ஒன்றும் இல்லை. கட்டைவிரலை நீட்டினார். விரல் பொத்தானுக்குப் போவதற்குள் ஒரு ஆள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, அழுத்தினார்.

கைதட்டல் காதைப் பிளந்தது. கண்ணைத் திறந்தால் தெரு முழுக்கப் பளபளவென்று வெளிச்சம். உயிரோடு இருக்கிறார். அவருக்கே நம்ப முடியவில்லை. பெருமூச்சு விட்டு விரலை எடுத்தார்.

தெரு இருண்டது.

"என்னாச்சு? என்னாச்சு?"

பதறிப்போய்த் திரும்பவும் அழுத்தினார். வெளிச்சம். கூட்டம் மறுபடி கைதட்டியது, கொஞ்சம் சந்தேகமாக. இந்த முறை அவர் விரலை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பது அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. பெல் பொத்தான். அழுத்தினால் பாலம் இறங்கும், விட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் பாலத்தைத் தூக்கிவிடும். டிங் என்று வந்த கரண்ட் டாங் என்று போய்விடும். வாசலில் நிற்கிற விருந்தாளிக்காகச் செய்த பொத்தானைத் தெரு முழுவதுக்கும் மாட்டச் சொன்னது யார்? பல்புக் கடை முதலாளி.

பாத்திரக்கடைக்காரர் பேச ஆரம்பித்தார். இருட்டிலிருந்து ஆரம்பித்து, சங்கத்தின் பிறப்பு, வளர்ப்பு என்று போய்க்கொண்டிருந்தார். பல்புக் கடைக்காரர் பெட்டிமேல் குனிந்தவாறு நின்றார். விரல் வெளுத்தது. பிறகு சிவந்தது. இடதுகையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை.

கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த சலவைக்கடை அம்மாதான் முதலில் பார்த்தார். "ஐயையோ! கை ஒட்டிக்கிச்சு! அவருக்கு ஷாக் அடிச்சுக்கிட்டு இருக்கு!"

அவ்வளவுதான். "தொடாதீங்க! தொடாதீங்க! கட்டையால தட்டி விடுங்க!" என்று நாலா பக்கமும் கூச்சல். மைக்கைக் கீழே போட்ட பாத்திரக்கடைக்காரர், மேடை பெருக்கி வைத்திருந்த நீளக் கட்டைத் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். தோளில் ஒரு அடி. முதுகில் ஒரு அடி.

"ஐயோ! அடிக்காதீங்க! நான் நல்லாத்தான் இருக்கேன்!"

"கரண்ட் அடிச்சவங்க அப்படித்தான் சொல்லுவாங்க!" இன்னொரு அடி.

"யோவ், பேசறேன்ல! ஷாக் அடிச்சா பேச முடியுமாய்யா?"

பாத்திரக்கடைக்காரர் துடைப்பத்தை ஓங்கியபடியே யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. இதற்குள் மனைவி மேடையில் ஏறி, பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டார். மணி படம் கண்ணில் பட்டது.

"என்னங்க, இது பெல் பொத்தான்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"விட்டப்போ."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்பது அவர் தோள் குலுங்கியதில் தெரிந்தது. "இருங்க, நல்ல சுவிட்ச் எடுத்துக்கிட்டு வந்துடறேன்" என்று கடையை நோக்கி ஓடினார். வயர்மேனும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வர ஆரம்பித்தார்.

பாத்திரக்கடைக்காரர் துடைப்பத்தை வைத்துவிட்டு மைக்கை எடுத்தார். இந்தமுறை அதைப் பல்புக் கடைக்காரர் முகத்துக்கு நேராக நீட்டினார். "என்ன சார் இது? ஏன் விடமாட்டேங்கறீங்க? ஜனங்க கேக்கறாங்க!"

பல்புக் கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். ஏதாவது ஒரு கைராசி, ஒரு மரியாதை, ஒரு சமாதானம் வாயில் வருமா என்று தேடினார். வழக்கமாக ஓடிவரும். முதுகு வலித்தது. விரல் மரத்துப்போயிருந்தது.

"விட்டா அணைஞ்சுடுங்க. இது காலிங் பெல் பொத்தான்."

"காலிங் பெல்லா? அதை எதுக்கு சார் இங்க போட்டீங்க? உங்களுக்கா தெரியாது?"

"தெரியும். மத்த சுவிட்செல்லாம் பார்க்க முரட்டுத்தனமா இருந்துச்சு." எச்சில் விழுங்கினார். அந்த விழுங்கலும் ஒலிபெருக்கியில் கேட்டது. "எனக்குக் கரண்டுன்னா பயம்ங்க. கடையில உங்களையெல்லாம் போடச் சொன்னது அதனாலதான். கைராசி எல்லாம் ஒண்ணும் இல்லை."

பாத்திரக்கடைக்காரருக்கே பேச்சு வரவில்லை. அந்தத் தெருவின் சரித்திரத்தில் அது நடந்ததில்லை.

"அட, பாவி மனுஷா!" என்றார் சலவைக்கடை அம்மா. "எனக்கும்தான் பயம்! இந்த மனுஷன் இவ்வளவு மரியாதையாச் சொல்றாரே, மாட்டேன்னா நல்லாவா இருக்கும்னு ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன்!"

"நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போடுவேன்" என்று பின்னாலிருந்து தையற்காரர் குரல் கொடுத்தார். "ஒரு பல்பு போதும்னாலும், அடிக்கடி வந்தா போடச் சொல்வாரேன்னு நாலா வாங்கிக்கிட்டுப் போயிடுவேன்."

"எங்க வீட்ல எல்லாம் அவதான் போடுவா" என்றார் பாத்திரக்கடைக்காரர். மைக் தன் வாயருகே திரும்பியிருந்ததைச் சொன்ன பிறகுதான் கவனித்தார். அவர் மனைவி முன்வரிசையிலிருந்து, "வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் எழுந்த சிரிப்பில் யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. தெரு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தது. பல்புக் கடைக்காரர் மட்டும் சிரிக்காமல், பொத்தானைப் பிடித்த கையோடு, காதுவரை சிவந்து நின்றார்.

மனைவி மூச்சிரைக்கப் புதுச் சுவிட்சோடு வந்தார். வயர்மேன் பெட்டியருகே மண்டியிட்டு, ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னார். "காலையிலயே சொல்ல வந்தேன் முதலாளி. எங்க விட்டீங்க? சரி, கையை எடுங்க. மெயினை அணைச்சுட்டு மாத்திடறேன்."

பல்புக் கடைக்காரர் விரலை எடுத்தார்.

தெரு இருண்டது. "ஓ..." என்று கூட்டம் இறங்கிய குரலில் சொன்னது.

அவர் இருட்டைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். நகத்தின் கீழே பொத்தானின் வட்டம் பதிந்திருந்தது. இவ்வளவு நேரம் அதன்மேல்தான் நின்றிருக்கிறது விரல். அது பாட்டுக்கு விரலாகவே இருக்கிறது. மெதுவாகக் குனிந்து, கண்ணைத் திறந்தபடியே, மறுபடி அழுத்தினார்.

"ஆ...!" என்றது தெரு.

விட்டார். "ஓ..."

அழுத்தினார். "ஆ...!"

"முதலாளி, மெயினை அணைக்கணும்" என்றார் வயர்மேன், மண்டியிட்ட இடத்திலிருந்து.

"என்னங்க, போதும். விடுங்க" என்றார் மனைவி.

"இரு, இரு" என்று இடதுகையால் மனைவியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பல்புக் கடைக்காரர் கட்டைவிரலைச் சட்டையில் ஒரு தரம் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, பொத்தானுக்கு மேலே விரலைத் தூக்கிப் பிடித்துக் காக்கவைத்தார்.